சாமிக்கு ஒரு ஹார்ன்

கொளஞ்சி மாஸ்டர் வாங்கிய புதுக் கார், வாங்கிய அன்றைக்கே நின்றுவிட்டது. எங்கே நின்றது என்பதுதான் கொடுமை. உப்பளம் பிள்ளையார் கோயில் வாசலில், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டில் மாலை போட்டு, தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது நின்றது.

பூசை முடிந்ததும் சாமிக்கு ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். இப்படி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனால் புதுச்சேரியில் இதை மீறிப் புது வண்டி எடுத்தவன் ஒருத்தனும் இல்லை. மாஸ்டர் இன்ஜினை ஓடவிட்டார். குருக்கள் தட்டோடு ஒதுங்கிக்கொண்டு கை காட்டினார். மாஸ்டர் பக்தியோடு ஹார்னை அமுக்கினார். ஹார்ன் அடித்தது, அடித்த கையோடு இன்ஜின் அணைந்தது.

"பழம் சின்னதா இருக்கு" என்றார் குருக்கள்.

பெரிய பழமாக வாங்கி வந்து வைத்தார்கள். மறுபடி ஹார்ன், மறுபடி இன்ஜின் அணைந்தது. பூக்காரம்மா எழுந்து வந்து, இது பழத்தில் தீருகிற விஷயமில்லை, யாரோ கண்ணு போட்டிருக்கிறார்கள் என்றாள். பூசணிக்காய் உடைத்தார்கள். பூசணிக்காய் அழகாகத்தான் உடைந்தது. கார் ஹார்ன் அடித்ததும் ஒழுங்காக நின்றது.

"ஏங்க, ஹார்ன் அடிக்காம எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள் மாஸ்டரின் மனைவி தனக்கொடி.

மாஸ்டர் சாமிக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு எடுத்தார். வண்டி வெண்ணெயாக ஓடியது. அரியாங்குப்பத்தில் இருக்கும் வீடு வரைக்கும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் உப்பளத்திலிருந்து அரியாங்குப்பம் வரை ஹார்ன் அடிக்காமல் வந்து சேர்ந்ததில் மாஸ்டருக்குச் சட்டை முழுக்க வேர்வை. வழியில் ஆடு, மாடு, ஆட்டோ, சாலையின் நடுவே நின்று போன் பேசுகிற மனிதன் என்று எல்லாருக்கும் அவரே வழிவிட்டு வந்திருந்தார்.

கொளஞ்சி மாஸ்டர் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். உப்பளத்தில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாரா என்பது தனக்கொடிக்கு மட்டுமே தெரியும். இருபது வருஷமாக ஸ்கூட்டரில் போய்வந்தவர், இருந்த சேமிப்பையெல்லாம் வழித்துப்போட்டுக் கார் வாங்கியதற்கு ஒரே காரணம்தான். மகள் துர்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில். நடுவில் அரியாங்குப்பம் பாலம். காலை எட்டரை மணிக்கு அந்தப் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

"ஆட்டோவுல போட்டா தூக்கித் தூக்கிப் போடும். எம் பொண்ண நான் அதுல ஏத்த மாட்டேன்" என்று தனக்கொடி சொல்லிவிட்டாள்.

எந்தக் கார் வாங்குவது? மாஸ்டருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார். பெங்களூரில் இருக்கும் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினார், அதைப் பார்த்தார். வீடியோவில் வந்தவர் பெயர் வினோத்குமார். பதினான்கு லட்சம் பேர் பின்தொடரும் சேனல். 'வாயுரா' என்கிற அந்தக் காரின் கதவைத் திறந்து, சாத்தி, கண்ணை மூடிக்கொண்டார். "மக்களே! இந்தச் சத்தத்தக் கேட்டீங்களா? இது டோர் இல்ல மக்களே, இது ஃபீலிங்!" என்றார். அப்புறம் ஸ்டியரிங்கை முகர்ந்து பார்த்தார். இருபது நிமிஷ வீடியோவில் கார் ஓரடிகூட நகரவில்லை என்பதை மாஸ்டர் பிற்பாடுதான் கவனித்தார். அதற்கு முந்தின மாதம் அதே ஆள் ஒரு மெத்தைக்கும், அதற்கும் முன்னால் ஒரு பிரியாணிக்கும் இதே கண்ணை மூடியிருந்தார்.

மறுநாள் மாஸ்டர் ஷோரூமுக்குப் போனார். அங்கே குறை கேட்கிற இடத்துக்கு 'வாடிக்கையாளர் ஆனந்தப் பிரிவு' என்று பெயர். ஆனந்தத்துக்குப் பொறுப்பாளர் சுமலதா. சிரித்த முகம், எதைக் கேட்டாலும் அந்தச் சிரிப்பு மாறாது.

"ஹார்ன் அடிச்சா இன்ஜின் நிக்குதும்மா."

"லெமன் வெச்சீங்களா சார்?"

"வெச்சோம்மா. பெருசாவே வெச்சோம். பூசணிக்காய்கூட உடைச்சோம்."

"ஓகே சார், செக் பண்ணிடலாம்" என்று வண்டியை உள்ளே அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இன்ஜினைச் சோதித்தார்கள், நன்றாக ஓடுகிறது. ஹார்னைச் சோதித்தார்கள், நன்றாக அடிக்கிறது.

"ரெண்டையும் ஒண்ணாப் பண்ணிப் பாத்தாங்களா?"

"ரெண்டையும் சேத்து டெஸ்ட் பண்றதுக்கு புரொசீஜர் இல்ல சார்."

"அப்ப நான் இப்ப உங்க கண்ணு முன்னாடி அடிச்சுக் காட்றேன். வாங்க."

சுமலதா வந்தாள். அடித்துக் காட்டினார். நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யப் போனால் வண்டி உடனே எழுந்திருக்காது. முதலில் டேஷ்போர்டிலிருந்து வினோத்குமாரின் குரல் பேசும். "வணக்கம் மக்களே! வாயுரா குடும்பத்துக்கு வரவேற்கிறோம். சீட் பெல்ட் போட்டீங்களா? சிரிச்சீங்களா? கிளம்பலாமா?" அந்தப் பேச்சு முழுக்க முடிந்தால்தான் இன்ஜின் பிடிக்கும். நடுவில் நிறுத்த வழி கிடையாது.

பேச்சு முடிகிற வரை சுமலதாவும் சிரித்தபடியே காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "சார், நான் பாத்தேன். ஆனா நான் ஸ்டாஃப். நான் பாத்தது கணக்குல வராது. நீங்க கஸ்டமர். நீங்க சொன்னா அது கம்ப்ளைன்ட். கம்ப்ளைன்ட்டுக்கு சாரி சொல்லுவோம். சாரி சார். ரிவ்யூவர் சொன்னாத்தான் ஃபீட்பேக். கம்பெனி ஃபீட்பேக்குக்குத்தான் வண்டியத் தொறக்கும்."

"தெனம் ஓட்றவன் நான்தானம்மா?"

"அதான் சார் பிரச்சனையே. நீங்க சொந்தக் காசு போட்டு வாங்கியிருக்கீங்க. காசு போட்டவங்களால நடுநிலையா பேச முடியாது. ரிவ்யூவருக்கு நாங்க வண்டிய ஃப்ரீயா குடுக்கறோம். அதனால அவரு நடுநிலை."

மாஸ்டர் இருபது வருஷம் எத்தனையோ கபடிப் போட்டிக்கு நடுவராக இருந்தவர். நடுநிலை என்றால் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். பானெட்டுக்குள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று மெக்கானிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விலகிவிட்டார்.

வீட்டில் தனக்கொடி ஒரே கேள்வியைத்தான் தினமும் கேட்டாள். "பொண்ணுக்கு நாள் நெருங்குதுங்க. இத நம்பி எப்புடி ஏத்துறது?"

சரி, ரிவ்யூவர்தான் சொல்ல வேண்டும் என்றால் ரிவ்யூவரையே கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலாப்பட்டுக்குப் போனார். அங்கே கடற்கரைச் சாலையில் வினோத்குமார் அடுத்த வீடியோவுக்காக ஒரு பிரஷர் குக்கரைத் தடவிக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தால் தங்கமான ஆள். மாஸ்டர் சொன்னதை முழுக்கக் கேட்டார். அனுதாபத்தோடு தலையாட்டினார்.

"நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க தம்பி."

"எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

"இந்த வண்டியா?"

"எந்த வண்டியும். லைசென்ஸ் எடுக்கணும், டைமே கெடைக்கல. மாசத்துக்கு நாலு கார் ரிவ்யூ சார், எங்க போறது?"

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. வினோத்குமார் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

"ஓட்டத் தெரிஞ்சா ரிவ்யூ பண்ண முடியாது சார். அது இதுன்னு குறை கண்ணுல படும். அப்பறம் பேச்சு ஃப்ளோவா வராது. நம்ம மக்களுக்கு என்ன வேணும்? ஒரு பாசிட்டிவிட்டி. ஹார்ன் மேட்டர நான் சொல்லிட்டேன்னு வைங்க, அடுத்த வண்டி எனக்குத் தர மாட்டான். வண்டி வரலைன்னா ரிவ்யூ கிடையாது. ரிவ்யூ இல்லைன்னா மக்கள் எதப் பாத்து வண்டி வாங்குவாங்க? மக்களுக்காகத்தான் சார் நான் வாய மூடிக்கிட்டு இருக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். மாஸ்டரே ரிவ்யூவர் ஆகிவிட்டால் என்ன? அதற்கென்று ஒரு மன்றம் இருக்கிறது, தேர்வு எழுதிச் சான்று வாங்கிவிட்டால் மாஸ்டர் சொல்வதும் ஃபீட்பேக் ஆகிவிடும்.

அந்த மன்றம் வந்த கதை சின்னதுதான். கார் ஓட்டத் தெரியாதவனெல்லாம் காரைப் பற்றிப் பேசலாமா, இவர்களுக்கு என்ன தகுதி என்று கொஞ்ச நாள் ஊரில் பேச்சு கிளம்பியது. நியாயமான கேள்வி. ஆனால் தகுதியைப் பற்றிப் பேசத் தகுதி வேண்டுமே? தகுதி உள்ளவர்கள் ஒன்றுகூடினார்கள். தங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று தாங்களே ஆராய்ந்தார்கள். இருப்பதாகத் தெரிய வந்தது. உடனே 'புதுவை வட்டார நுகர்பொருள் விமர்சகர் தகுதி மன்றம்' என்று உப்பளத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துப் பலகை மாட்டிவிட்டார்கள். 'அரசு அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தது' என்று பலகையில் கீழே எழுதியிருந்தது. 'விண்ணப்பித்தது' மட்டும் சின்ன எழுத்து.

மன்றத்தின் தலைவர் க்சாவியே; மரியாதைக்கு 'முசியே' சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் தடி. பிரான்சில் இருந்தவர் சொன்னால் ஊர் கேட்கும் என்பதற்காக அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். அவருக்கும் காலையில் போய் உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது.

"அலோர், சரி, ஹார்ன்!" என்று ஆரம்பித்தார் முசியே. "நான் பிரான்சுல, துலோன்ல முப்பது வருஷம் கார் ஓட்டினேன். ஒரு தடவ ஹார்ன் அடிச்சதில்ல. ழமே! ஒரு தடவகூட இல்ல. இங்க பாண்டிக்கு வந்தேன். கார் ஓட்றத விட்டுட்டேன். ஏன்? எல்லாப் பயலும் ஹார்ன் அடிக்கறான். உமக்கு ஹார்ன் எதுக்குங்கறேன்?"

"மக பிரசவத்துக்கு முசியே. பாலத்துல வழி கேக்கணும்."

"பொறுமையா இருக்கறது."

"பிரசவ வலி பொறுக்குமா முசியே?"

முசியே தேர்வு தொடங்கும் நேரம் ஆகிவிட்டது என்று தடியைத் தட்டினார். கீழே அவருக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் அப்போது விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அது முசியேவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

எழுத்துத் தேர்வில் முதல் கேள்வி, ஒரு காரில் மிக முக்கியமான பாகம் எது? மாஸ்டர் 'பிரேக்' என்று எழுதினார். தப்பு. 'கேமராவுக்குத் தெரியும் பக்கம்' என்பது சரியான விடை. ஒரு பொருளில் குறை தென்பட்டால் விமர்சகர் என்ன செய்ய வேண்டும்? 'சொல்ல வேண்டும்' என்று எழுதினார். தப்பு. 'கோணத்தை மாற்ற வேண்டும்'. வீடியோ முகப்புக்காக வாயைப் பிளந்து ஆச்சரியப்படும் முகத்துக்கும் மதிப்பெண் உண்டு, அதில் மட்டும் மாஸ்டருக்குப் பாதி கிடைத்தது. அதுவும் கேள்வித்தாளைப் படித்தபோது தானாக வந்த முகம்.

செய்முறைத் தேர்வுக்குக் கீழே ஒரு காரை நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் காரிலிருந்து இறங்கினார்கள், பானெட்டைத் தட்டினார்கள், தூரத்தில் இருக்கும் எதையோ பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மாஸ்டர் முறை வந்தது. உட்கார்ந்தார், பெல்ட் போட்டார், கண்ணாடியைச் சரி செய்தார், வண்டியை ஸ்டார்ட் செய்தார். தேர்வாளர்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"என்ன சார் பண்றீங்க?"

"ஓட்டிப் பாக்கறேன்."

தேர்வாளர்கள் ஒதுங்கி நின்று குசுகுசுத்தார்கள். முசியே வருத்தத்தோடு தீர்ப்பை வாசித்தார். பொருளைப் பயன்படுத்திப் பார்க்க முயன்றதால் கொளஞ்சி தகுதி இழக்கிறார். பயன்படுத்துவது வாடிக்கையாளர் வேலை. விமர்சகர் அதற்கு மேலே நிற்பவர்.

மாஸ்டர் பாலத்தில் ஊர்ந்து வீடு வந்தார். இந்த நாட்டில் ஒரு ஹார்ன் சரி செய்ய இவ்வளவு படிக்க வேண்டுமா என்று அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டைத் தள்ளி தனக்கொடி பார்த்ததில்லை.

வலி எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை. சரியாகப் பள்ளிக்கூட நேரம். தெருவில் இருந்த ஆட்டோவெல்லாம் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போய்விட்டன. ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசலில் நின்றது. வேறு வழியில்லை. துர்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள் தனக்கொடி.

"கைய ஹார்ன் பக்கமே கொண்டு போகாதீங்க. சொல்லிட்டேன்!"

"தெரியும்டி."

தெரிந்து என்ன? பாலத்தின் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. இருபது வருஷப் பழக்கம், கை தானாக அமுக்கிவிட்டது. ஹார்ன் அடித்தது. இன்ஜின் நின்றது. முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கத்தில் மீன் வண்டி.

"அப்பா!" என்று துர்கா கத்தினாள்.

மாஸ்டர் பொத்தானை அமுக்கினார்.

"வணக்கம் மக்களே!" என்றது டேஷ்போர்டு. "வாயுரா குடும்பத்துக்கு வரவேற்கிறோம்."

"ஐயோ, அம்மா!"

"சீட் பெல்ட் போட்டீங்களா?"

"அவன் வாயில மண்ணு விழ! அத நிறுத்துங்களேன்!" என்று தனக்கொடி கதறினாள்.

"சிரிச்சீங்களா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. அழுதுவிட்டார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, கடன் வாங்கியவனைப் போல, அந்தக் குரல் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவன் இன்ஜின் நிற்கவில்லை. அந்த நிமிஷத்தில் மாஸ்டருக்கு உலகத்திலேயே அந்த லாரிக்காரன்மீதுதான் பொறாமை.

"கிளம்பலாமா?" என்று கேட்டு முடித்ததும் இன்ஜின் பிடித்தது. மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார். கழுத்தில் கிடந்த விசிலை வாயில் வைத்து, தலையை வெளியே நீட்டி, மைதானமே அதிர்கிற மாதிரி ஊதினார்.

அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கு அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார்கள், மீன் ஏற்றுகிறார்கள், வங்கிக்குப் போகிறார்கள். அந்த விசில் சத்தம் கேட்டால் கால் தானாக ஓரத்துக்குப் போகும், அப்படிப் பழக்கியிருந்தார். பஸ் இடது பக்கம் ஒண்டியது. "டேய், மாஸ்டர்டா!" என்று ஒருத்தன் ஸ்கூட்டரைத் தூக்கி நடைபாதையில் வைத்தான். தொந்தி வைத்த ஒரு மனிதர் வண்டியை விட்டு இறங்கி, கையை உடம்போடு ஒட்டி விறைப்பாக நின்றார். மாஸ்டர் ஊதிக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அவருக்கு ஊத மூச்சு மிச்சமில்லை. விசிலின் ஓரம் பல் பட்டு நசுங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் பாலத்தில் எவனோ படம் பிடித்துவிட்டான். 'விசில் மாஸ்டர்' என்ற பெயரில் அது நாடு முழுக்கச் சுற்றியது. வாரம் முடிவதற்குள் முசியே க்சாவியே சால்வையோடு அரியாங்குப்பம் வந்துவிட்டார்.

"ஃபெலிசித்தாசியோன்! வாழ்த்துகள்! மன்றம் உமக்குக் கௌரவத் தகுதி கொடுக்குது."

"நான்தான் பரீட்சைல தோத்துட்டேனே முசியே?"

"அது நாற்பது லட்சம் பேர் உம்மப் பாக்கறதுக்கு முன்னால. அப்ப உமக்குக் காரப் பத்தி ஒண்ணும் தெரியாது. இப்பத் தெரியும்."

மாஸ்டருக்குச் சந்தோஷமாகவே இருந்தது, ஒளிப்பானேன்? இனிமேல் அவர் சொன்னால் ஃபீட்பேக். கம்பெனி வண்டியைத் திறந்தே ஆக வேண்டும். பாராட்டு விழாவுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மேடையில் முசியே, சுமலதா, வினோத்குமார். பக்கத்தில் பூ சுற்றி ஒரு வாயுரா கார்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். நாலு வார்த்தைதான் பேசினார். "இந்த வண்டி ஹார்ன் அடிச்சா நின்னுடுது. எம் பொண்ணும் பேத்தியும் அன்னிக்குப் பாலத்துலயே போயிருப்பாங்க. தயவு பண்ணி இத யாரும் வாங்காதீங்க." சொல்லிவிட்டு நேராகப் போய் மேடைக் காரில் உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, எல்லார் முன்னாலும் ஹார்னை அமுக்கினார். நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யப் போனார். "வணக்கம் மக்களே!" என்றது கார்.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

"என்னா எமோஷன்! என்னா எமோஷன்!" என்று வினோத்குமார் ஓடிவந்து கட்டிக்கொண்டார். சுமலதா மைக்கை வாங்கினாள். "மாஸ்டர் சாரோட ஃபீட்பேக்க கம்பெனி தலைமேல வெச்சுக் கொண்டாடுது. இந்த வசதிக்கு 'மௌனா மோட்'னு பேர் வெச்சிருக்கோம். அடுத்த மாடல்ல இதுக்குத் தனி சார்ஜ். இப்ப வாங்கினவங்களுக்கு ஃப்ரீ!"

"கடைசியா இந்த ஊர் நாகரிகமாச்சு" என்று முசியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் சுமலதாவின் வழியை மறித்தார். "நான் குறைதானேம்மா சொன்னேன்?"

"குறைன்னா உங்க விசில் வீடியோவுக்கு இத்தன லைக் வருமா சார்? மக்களுக்குப் புடிச்சிருக்கு."

"சரி. ஃபீட்பேக்தான் குடுத்துட்டனே, என் வண்டிய சரி பண்ணிக் குடு."

அப்போதும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. "குறைன்னா சரி பண்ணலாம் சார். வசதிய எப்புடி சரி பண்றது?"

வண்டியை விற்றுத் தலைமுழுகலாம் என்று முடிவு செய்தார்கள். "யாரு தலையிலயும் கட்டக் கூடாது. உள்ளதச் சொல்லி விப்போம். வந்த வெலைக்குப் போகட்டும்" என்றாள் தனக்கொடி. மாஸ்டரும் அதே எண்ணம்தான். உள்ளதைச் சொன்னால் எவன் வாங்குவான் என்று மட்டும் அவருக்குக் கவலை.

வில்லியனூரிலிருந்து தமிழ்மாறன் என்று ஒருவர் மனைவியோடு வந்தார். மாஸ்டர் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. முதலில் விஷயத்தைச் சொன்னார். ஹார்ன் அடித்தால் நிற்கும். மறுபடி ஓட அந்தக் குரல் பேசி முடிக்க வேண்டும். பாலத்தில் என்ன நடந்தது, மகள் எப்படிக் கத்தினாள், எல்லாம் சொன்னார். தமிழ்மாறன் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"மாஸ்டர், வெல ஏத்திக் கேக்கறதுக்காக இப்புடிச் சொல்றீங்கன்னு தெரியுது. மௌனா மோட் வண்டி இப்ப கெடைக்கறதில்ல. வினோத்குமார் சொல்லிட்டாரு."

"அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க!"

"அதெப்புடி மாஸ்டர்? அவர பதினாலு லட்சம் பேர் பாக்கறாங்க."

"நீங்களே உக்காந்து அடிச்சுப் பாருங்க" என்று மாஸ்டர் சாவியை நீட்டினார். கண்ணால் கண்டால் நம்பித்தானே ஆக வேண்டும்? நேரில் பார்த்த ஒரு ஆளாவது, ஒரே ஒரு ஆளாவது, ஆமாம் சார், இது பழுதுதான் என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. அதற்காக வண்டியைச் சும்மாகூடக் கொடுத்திருப்பார்.

தமிழ்மாறன் உட்கார்ந்தார். இன்ஜினை ஓடவிட்டார். ஹார்னை அமுக்கினார். நின்றது. அவர் முகம் மாறியது. கதவைத் திறந்து மெதுவாக இறங்கினார். காரைச் சுற்றி வந்து நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தமிழ்மாறன் நிமிர்ந்து தனக்கொடி பக்கம் திரும்பினார்.

"அக்கா, வீட்டுல எலுமிச்சம்பழம் இருக்குங்களா? கொஞ்சம் பெருசா?"

மாஸ்டர் அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார். நசுங்கின விசிலை வாயில் வைத்தார். இத்தனை நாள் ஷோரூமிலும் மாடியிலும் மேடையிலும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, முகம் சிவக்க, நரம்பு புடைக்க ஊதினார். உள்ளே பேத்தி வீறிட்டு அழுதாள். தெருவில் போனவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள்.

தமிழ்மாறன் மட்டும் ஒதுங்கவில்லை. இரண்டடி பின்னால் போய்ச் செல்போனை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"மாஸ்டர், இன்னொரு தடவ ஊதுங்க. காரு ஃபுல்லா வரல."